ஒரு சென்டிமீட்டர் கூடுதல்

மண்டைக்காட்டு வாழைக்குலை வியாபாரி பகவதியப்பனுக்கு நாற்பத்திரண்டு வயதிலேயே இதயம் பெருத்து ஓய்ந்துபோயிருந்தது. வீட்டு வாசலின் மூன்று படியை ஏறவே மனைவி ஓமனா கை கொடுக்க வேண்டும். அறுவை அன்று, மயக்க மருந்து கொடுக்க வந்த டாக்டர் ஷிபாவிடம், ஊர் அம்மன் கோயில் திருவிழாவை நினைத்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“டாக்டரே, வாற மாசிக் கொடைக்கு அம்மைக்குள்ள குலைய நானே தோளுல சொமந்துட்டுப் போவனா?”

“போவீங்க” என்று சொல்லிவிட்டு ஷிபா நாக்கைக் கடித்துக்கொண்டாள். தேங்காய்ப்பட்டணத்துக்காரிக்கு வாய் எப்போதும் முந்திக்கொள்ளும். சொன்னது சொன்னதுதான், இனி காப்பாற்றியாக வேண்டும்.

2016 ஜூன் மாதம். நாகர்கோவிலில் இருந்த அந்த ஆஸ்பத்திரிக்கு அதுதான் முதல் இதய மாற்று அறுவை. திருநெல்வேலியில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இதயம் காலை பதினொரு மணிக்கு ஐஸ் பெட்டியில் வந்து இறங்கியது. தைக்க நின்றவர் டாக்டர் ராஜமணி. சுத்தமான கை அவருக்கு. அதை அவரே நாளுக்கு நாலு தடவை சொல்வார் என்பதுதான் தொல்லை.

ஷிபாவின் வேலை மயக்கம் கொடுப்பதோடு முடியவில்லை. பகவதியப்பனின் வாய்வழியே உணவுக்குழாயில் அவள் இறக்கியிருந்த எக்கோ குழாய், இதயத்தின் பின்புறமிருந்து ஒலியை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைத் திரையில் படமாகக் காட்டும். மீன்பிடிப் படகு ஓட்டும் அண்ணன் டிஜோவுக்கு இதில் ஓயாத கேலி. “நான் எக்கோ வச்சு மீனு பாக்கேன், நீ எக்கோ வச்சு நெஞ்சு பாக்கிய. எனக்க பேருக்கு முன்னால மட்டும் ஏன் டாக்டர் போட மாட்டேங்கானுவ?”

தைத்து முடித்து ரத்தத்தை உள்ளே விட்டதும் புது இதயம் துடித்தது. திரையில் வெள்ளைப் பொட்டுகளாகக் காற்றுக் குமிழிகள் மிதந்தன. அவை போகும்வரை எல்லோரையும் காக்க வைத்தாள் ஷிபா. பிறகு, அத்தனை நேரமும் இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் சுற்றவிட்ட இயந்திரத்தை மெல்லக் குறைத்தார்கள்.

உடனே, நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ளும் வலது அறை வீங்கத் தொடங்கியது. ரத்த அழுத்தம் எழுபது, அறுபது, ஐம்பது என்று சரிந்தது.

“நுரையீரல்ல பிரஷர் கூடுதலா இருக்கு. நாள்பட்ட நோயாளில்லா? மருந்தைக் கூட்டு” என்றார் ராஜமணி.

கூட்டினாள். ஒரு பலனும் இல்லை. இயந்திரம் பாதி ஓட்டத்தில் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயைப் பார்த்துவிட்டால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் மூச்சுக்குழலின் காற்று குறுக்கே நின்று ஒலியை மறித்தது. திரை இருண்டது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் திருகின்மேல் அவள் கை போய்விட்டது.

டிஜோ சொல்வது அப்போது நினைவுக்கு வந்தது. படகுக்கு அடியில் நுரை மறித்தால், புதுசாக வந்தவர்கள் திருகைக் கூட்டுவார்கள். திரை முழுக்க மீனாகத் தெரியும், வெறுங்கடலில் வலையை இறக்குவார்கள். அவன் திருகைத் தொடாமல் படகைக் கொஞ்சம் நகர்த்துவான்.

ஷிபா கையை எடுத்தாள். எக்கோ குழாயை ஒரு விரற்கடை மேலே இழுத்து இடப்பக்கம் திருப்பினாள். படம் திறந்தது. தையல் போட்ட இடத்தில், தண்ணீர் ஹோஸ் மடங்கியதுபோல ரத்தக்குழாய் மடிந்து கிடந்தது. ரத்தத்தின் வேகத்தை நிறமாகக் காட்டும் திரையில், அந்த இடுக்கு வழியே அது மஞ்சளும் நீலமுமாகச் சிதறிப் பாய்ந்தது. மடிப்புக்கு அப்பால் குழாய் தளர்ந்துதான் இருந்தது; நுரையீரலில் அழுத்தம் கூடியிருந்தால் அது விம்மி நின்றிருக்கும். நுரையீரல் மேல் ஒரு குற்றமும் இல்லை.

வெட்டிவிட்டால் நீட்ட முடியாதே என்ற பயத்தில், தைக்கிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே விட்டுவைப்பார்கள். இதயத்தில் ரத்தம் நிறைந்ததும் அந்தக் கூடுதல்தான் மடங்கிக்கொண்டது.

அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். சொன்னது தவறானால், களைத்த இதயத்துக்கு இன்னொரு அரைமணி நேர வதை. ஆனாலும் ஷிபா சொன்னாள்.

“சார், நுரையீரல் இல்ல. நீங்க தச்ச எடத்துல கொழாய் மடங்கிக் கெடக்கு. நீளம் கூடிப்போச்சு.”

“நான் தச்ச எடத்துலயா?”

“ஆமா சார். திரையப் பாருங்க.”

பார்த்தார். பிறகு அந்த இடத்தில் மெல்ல விரலை வைத்தார். நெருக்கிப் பாய்ந்த ரத்தத்தின் அதிர்வு விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகமூடிக்கு மேலே அவர் கண்கள் மாறிவிட்டன.

“இயந்திரத்த முழுசா ஓட்டு. கத்தரி குடு.”

ஒரு சென்டிமீட்டர் வளையத்தை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி தைத்தார். இயந்திரம் குறைந்தது. திரையிலிருந்து ஷிபா கண்ணை எடுக்கவில்லை. வலது அறை வீங்கவில்லை, சுருங்கி விரிந்து சுருங்கி விரிந்து நின்று விளையாடியது. எழுபது, தொண்ணூறு, நூற்றுப்பத்து! இயந்திரத்தை நிறுத்தினார்கள். இதயம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

தன் கையைத் தவிர எதையும் புகழ்ந்தறியாத ராஜமணி எட்டுப் பேர் முன்னாலும் உரக்கச் சொன்னார். “மக்கா, ஒனக்க கண்ணு இல்லேண்ணா இண்ணைக்கு நான் இந்த மனுசனக் கொன்னிருப்பேன்.”

ஷிபா அழுதேவிட்டாள். கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது.

மாசிக் கொடை முடிந்த மறுநாள், ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் எக்கோ அறைக் கதவை யாரோ காலால் தள்ளினார்கள். தோளில் ஒரு முழுச் செந்துளுவன் வாழைக்குலையோடு பகவதியப்பன் நின்றார்.

“அம்மைக்க குலையக் கொண்டு குடுத்தாச்சு டாக்டரே. இது உங்களுக்கு.”

“அய்யோ, இதச் சொமந்துட்டு படியேறியா வந்தீங்க? லிப்ட் இருக்குல்லா?”

“அது அங்ஙன கெடக்கட்டும்.”

ஷிபா அவர் நெஞ்சையே பார்த்தாள். துளிகூட மூச்சு வாங்கவில்லை. மூச்சு வாங்கியதெல்லாம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படியில் நின்ற ஓமனாவுக்குத்தான்.