மூன்று வாரம் தேடிய பாட்டு

"ஒரு பாட்டைத் தேட மூணு வாரமா, மாப்ள? என் தங்கச்சியைப் பிடிச்சிருக்குன்னு சொல்ல உங்களுக்கு அரை மணி நேரந்தான் ஆச்சு" என்றார் மச்சான். லாரி ஓட்டுபவர், குரலும் லாரிதான். வேறு நாளென்றால் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பேன். அன்றைக்கு ஸ்பீக்கர் ஒயரை மூன்றாவது தடவையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவிக்கு ஒரு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வாள். கரகரத்த குரலில் பதில் சொல்வாள், சண்டையென்றால் என்னைவிட வேகமாக. இரண்டு மாதத்துக்கு முன் அவள் மண்டைக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்துத் தைத்தார்கள். அதன் மறுபாதி, காதுக்கு மேலே காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டு. மூன்று வாரத்துக்கு முன் அதை இயக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து குழாய்த் தண்ணீர், குக்கர், என் இருமல் எல்லாம் அவளுக்கு ஒரே கடகட. தலைவலி வேறு.

"ஞாயித்துக்கிழமை பாட்டு கேக்கிறேன். அதுவும் இரைச்சலா இருந்தா இதைக் கழட்டி அலமாரியில வச்சிடுவேன். அப்புறம் யாரும் கெஞ்சக் கூடாது" என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான். ஆபரேஷன் செய்துகொள் என்று எட்டு வருடம் நச்சரித்தவன் நான்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் பாட்டுகளைக் கலந்து சீராக்குவது என் தொழில். எதைக் கேட்டாலும் குறை கண்டுபிடிக்கிற வியாதியும் கூடவே உண்டு. காது கேட்கப் பயிற்சி தரும் பெண், "முதல்ல சிம்பிளா இருக்கட்டும் சார், ஒரே நேரத்துல நிறைய வேணாம்" என்றதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். நல்ல மெட்டு ஒன்றைத் தேர்ந்து அதிலிருந்து குரலை எடுத்தேன், பின்னணியை எடுத்தேன். மெட்டை மறைக்கிறதே என்று கடைசியில் தாளத்தையும் எடுத்துவிட்டேன். மிச்சம் ஒற்றை வயலின். கேட்டு நானே கண்கலங்கினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. என் மனைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பொத்தானை அழுத்தினேன். பத்து வினாடியில் புருவம் சுருங்கியது. இருபதில் உதட்டைக் கடித்தாள்.

"நேத்து நீ பீரோவை இழுத்தியே, அந்தச் சத்தம்" என்றாள். வட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவள் முகத்துக்கு நேரே போய் உட்கார்ந்தேன். "வேற ஒண்ணு போடறேன். இதைவிடச் சின்னதா..."

"வேணாம். நீ கேக்கிறது இது இல்லையே."

"எது?"

"சாப்பிட்டதும் ஹெட்போனை மாட்டிக்கிட்டுக் கண்ணை மூடிப்பியே. தோளைத் தொட்டாக்கூட உனக்குத் தெரியாது. எட்டு வருஷமா பக்கத்துலயே உக்காந்திருக்கேன். அங்க எப்படி வரதுன்னு எனக்குத் தெரியல. அதுக்குத்தான் மண்டையைக் கிழிச்சுக்கிட்டேன். எனக்குன்னு தனியாப் பத்தியச் சமையல் பண்ணாத. அதைப் போடு."

சுருக்கென்றது. அவள் கேட்டது நாற்பது வாத்தியங்கள் ஒன்றாக முழங்குகிற சமாச்சாரம். எனக்கு அது சொர்க்கம், அவளுக்குச் சந்தைக்கடையாகத்தான் இருக்கும். "இரைச்சலா இருக்கும்" என்றேன்.

"இருக்கட்டும். போடு." வட்டை மறுபடி ஒட்டிக்கொண்டாள்.

போட்டேன். முதல் நிமிடம் முகம் கல்லாக இருந்தது. இரண்டாவது நிமிடத்தில் கை மெல்லக் காதுக்கு மேலே போனது. நான் பாட்டைக் கேட்கவே இல்லை, அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் வட்டின் விளிம்பைப் பிடித்தன. கழற்றவில்லை, அப்படியே நின்றன. அந்தப் பாட்டில் ஓரிடத்தில் தாளம் சட்டென்று நின்று மெட்டு மட்டும் தனியாக ஓடும். ஆயிரம் தடவை கேட்டு நான் உருகிய இடம் அது.

அவள் திடுக்கிட்டு ஸ்பீக்கரைப் பார்த்தாள். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"ஏய், எங்க போச்சு?"

"எது?"

என் மார்பில் விரலால் தட்டிக் காட்டினாள். தட், தட், தடக். பிசகில்லாத தாளம். "இது! இவ்வளவு நேரம் இருந்துச்சே? ஏன் எடுத்த? குடு, திருப்பிக் குடு!"

"நான் எடுக்கல" என்று சொல்வதற்குள் தாளம் திரும்பி வந்தது. "வந்திடுச்சு!" என்று வீடே அதிரக் கத்தினாள். மச்சான் ஜன்னலைவிட்டு ஓடி வந்தார். அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அந்த அடி சரியாகத் தாளத்தில் விழுந்தது.