புடைப்பு வைத்த ஓடு

முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைத்தது என்பார்கள். மறைக்கப்பட்ட காதுக்கு எப்படி இருக்கும் என்று அக்காவைக் கேட்டால் தெரியும். கடலுயிர் ஆய்வுக்கூடத்தில் முதலில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். பிறகு வந்தவள் தங்கை. வந்த வேகத்தில் புது உயிரினமே கண்டுபிடித்துவிட்டாளாம்!

ஆறு கடலில் கலக்கும் இடத்துச் சேற்றில் அது கிடைத்தது. கடுகில் பாதிகூட இல்லாத, இரண்டு ஓட்டுக்குள் ஒளிந்து வாழும், நண்டுக்குத் தூரத்துச் சொந்தமான உயிர். கடலோரத்தில் கிடைப்பவற்றின் ஓடு வழவழவென்று இருக்கும். இதில் அங்கங்கே புடைப்பு. கூடமே தங்கையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அக்காவும் கூடச் சிரித்தாள். வயிறு மட்டும் பற்றி எரிந்தது.

"என்னடி பேரு வைக்கப்போற?"

"அது ரகசியம்கா. கூட்டத்துல சொல்றேன்."

ரகசியமாம், பெரிய ரகசியம்! அக்காவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஆற்று முகத்தில் உப்பு குறைவு. ஓடு உரிக்கும்போது அந்தத் தண்ணீர்தான் விளையாடுகிறதோ? தங்கையிடமே வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்க மனம் வரவில்லை. யாருக்கும் சொல்லாமல் மூலையில் ஒரு தொட்டி வைத்தாள். கடலோரத்து வழவழப்புகளை அதில் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் குறைத்தாள். அங்கே பிறந்த குஞ்சுகள் ஓடு உரித்து வளர வளர, அவற்றிலும் அதே புடைப்பு. அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

கூட்டத்தில் தங்கை படங்களைக் காட்டி முடிக்கும்வரைகூட அக்காவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டாள்.

"இது புது இனமே இல்ல. உப்பு குறைஞ்சா நம்ம பழசுக்கே இப்படித்தான் புடைக்குது. நீங்களே பாருங்க."

கொண்டுவந்திருந்த கண்ணாடித் தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். கடைசியாகத் தங்கை பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா சொல்றது சரிதான்," என்றாள்.

"சரி, என்ன பேருதான் வைக்கிறதா இருந்த? அதையாவது பாப்போம்," என்று ஆய்வுக்கூட இயக்குநர் பொத்தானைத் தட்டினார். திரையில் கடைசிப் படம் வந்தது. பெரிதாக, தங்கை கண்டெடுத்த ஓடு. அதன் கீழே, சாய்ந்த எழுத்தில், அக்காவின் பெயர்.

தங்கை அக்கா பக்கம் திரும்பினாள்.

"ஒரே இனம்னா பழைய பேருதான் நிக்கும். அழிச்சிடட்டுமாக்கா?"

தங்கை குத்திக்காட்டிக் கேட்கவில்லை; அக்காவின் அனுமதியைத்தான் கேட்டாள். அக்கா தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்? அவள் கொண்டுவந்த தட்டில் புடைப்பு வைத்த குஞ்சுகள் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தன.