மணிவேல் கால் கழுவிய கதை

வீட்டில் எது நடந்தாலும் மணிவேலுக்கு அது ஒரு பாடம். குக்கர் விசில் அடித்தால் ஆண்டவரின் எச்சரிப்பு. காஸ் தீர்ந்தால், பைபிளில் எண்ணெய் இல்லாமல் நின்ற புத்தியில்லாத கன்னிகைகளின் விளக்கு. மகள் ஓவியா போனை நோண்டினால் ஏதேன் தோட்டத்து ஏவாள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் பழைய கோப்புகளை அடுக்கிவைக்கிற வேலை அவருக்கு. சாயங்காலம் வந்து நாற்காலியில் சாய்ந்து நோட்டைத் திறந்தால், வீடு பிரசங்கமாக வழியும். சபை மாதாமாதம் போடும் பத்திரிகையின் கடைசிப் பக்கம் எட்டு வருடமாக அவருடையது. அதற்குத் தலைப்பு, 'அடுப்படியில் ஆண்டவர்'. அடுப்படிக்குள் ஆண்டவர் போயிருக்கலாம். மணிவேல் போனதில்லை.

அங்கே இருந்தவள் அவர் மனைவி பொன்னி. இளவயசில் சித்தாளாகக் கலவைச் சட்டி சுமந்தவள். இப்போது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாக இட்லிக் கடை போட்டிருக்கிறாள். விடிவதற்குள் அடுப்பு மூட்டினால் பொழுது சாயும்வரை நின்ற கால்தான். மணிவேல் எழுதும் பக்கத்தில் அந்தக் கடை 'உபசரிப்பு ஊழியம்'. அவளுடைய இடுப்பு வலி 'சிலுவை சுமத்தல்'. ஒருநாள் அரிசி மூட்டையோடு படியேறிக்கொண்டிருந்தவளை நடுப்படியில் நிறுத்தினார்.

"கொஞ்சம் நில்லுமே. இப்ப உன் மனசுல இன்னா ஓடுது?" என்று பேனாவைத் திறந்தார்.

"ஒரு மனுசன் குத்துக்கல்லாட்டம் பாத்துகினு நிக்கிறானேன்னு ஓடுது" என்றாள்.

'சுமையின் நடுவிலும் என் மனைவி புன்னகைத்தாள்' என்று எழுதிக்கொண்டார்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. குக்கர் ஏற்கெனவே நான்கு தடவை பாடமாகிவிட்டது. பல்லியும் ஆயிற்று, பால் பொங்கியதும் ஆயிற்று. மறுநாள் பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும். மணிவேல் கண்ணை மூடினார், திறந்தார், எழுதினார்: 'ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும், கடையிலிருந்து திரும்பும் என் மனைவியின் பாதங்களை வெந்நீரில் கழுவித் துடைக்கிறேன். அந்தத் தண்ணீரில் என் பெருமை கரைந்து போகிறது.'

எழுதி முடித்ததும் அதை அவரே இரண்டு தடவை படித்து உருகினார். உள்ளேயிருந்து பொன்னி, "ஏங்க, கை மாவா இருக்குது. அந்தச் சொம்பக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்று கூப்பிட்டாள். உருகி உட்கார்ந்திருக்கிற ஆளை இப்படியா இடைஞ்சல் பண்ணுவது என்று அவர் அசையாமல் இருந்துவிட்டார்.

அந்தக் கடைசிப் பக்கம் சபையில் பற்றிக்கொண்டது. பெண்கள் படித்து அழுதார்கள். ஆண்கள் மணிவேலை முறைத்தார்கள். போதகர் அவரைத் தனியே கூப்பிட்டு, "உங்க பக்கங்கள எல்லாம் சேத்து ஈஸ்டருக்கு ஒரு புத்தகமாப் போட்டுடலாம். கால் கழுவற கட்டுரைதான் முதல் அத்தியாயம்" என்றார். மணிவேலுக்குக் கால் தரையில் பாவவில்லை. அட்டைக்காகக் கோட்டுப் போட்ட போட்டோ ஒன்று மூன்று வருடமாகத் தயாராக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் போதகர். "பெரிய வியாழன் ஆராதனையில, இயேசு சீஷருங்க காலக் கழுவுன ஞாபகமா, பன்னெண்டு பேரு கால நான் கழுவுவேன் இல்லீங்களா? இந்தத் தடவ நீங்க அம்மா காலக் கழுவி ஆரம்பிச்சு வைங்க. ஜனங்க கண்ணால பாக்கட்டும். அன்னிக்கு ராத்திரியே அச்சுக்கு அனுப்பிடுவோம்."

பொன்னி அந்தப் பத்திரிகையைப் படிக்கிறவள் இல்லை. மணிவேலே படித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

"எந்தச் சனிக்கிழமை?" என்றாள்.

"அது ஒரு உருவகம்மே."

"உருவகமா வெந்நீரு வச்சீங்களாக்கும்! காஸு அடுப்ப யாரு பத்தவச்சது?"

"கேலி பண்ணாதமே. புத்தகமே இதுலதான் நிக்குது. நீ வரலன்னா சபையில என் மூஞ்சிய எங்க வச்சிக்கறது?"

"வியாழக்கிழமை பௌர்ணமிங்க. மலை சுத்தற ஜனம் மத்தியானத்துலேர்ந்து வந்துகினே இருக்கும். மாசத்துல அந்த ஒரு நாளுதான் எனக்கு யாவாரம் ஜாஸ்தி. உங்க மூஞ்சிக்காக என் காலு கடைய வுட்டுட்டு வரணுமா?"

"ஒரே ஒரு மணி நேரம்."

பொன்னி பத்திரிகையை மடித்து அவர் கையில் வைத்தாள். "வரேன். ஆனா நானா வாயத் தொறந்து பொய் சொல்ல மாட்டேன்."

"நீ எதுக்கு வாயத் தொறக்கணும்? காலக் குடுத்தா போதும்."

வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்துக் கடை ஆதிலட்சுமியிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பொன்னி ஆட்டோ பிடித்து ஆராதனைக்கு வந்தாள். பலிபீடத்துக்கு முன்னால் ஒரு நாற்காலி, பித்தளைத் தாம்பாளம், வெள்ளைத் துண்டு. பாடகர் குழு மெதுவாக இழுத்துப் பாடியது. போதகர் மைக்கோடு நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மணிவேல் மண்டியிட்டார். பொன்னி வலது காலை நீட்டினாள். வெடித்த பாதம், விரல் இடுக்கில் சாம்பல், கணுக்காலில் காய்ந்த மாவு. மணிவேல் இரண்டு விரலால் தண்ணீர் தொட்டுப் பன்னீர் தெளிப்பதுபோலத் தெளித்தார். எல்லாரும் பார்க்கிறார்களே என்று ஞாபகம் வந்ததும், அடிப்பாதத்தை இறுகப் பிடித்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தித் தேய்த்தார்.

"ஐயோ, யம்மா!" பொன்னி துள்ளினாள். தாம்பாளத் தண்ணீர் போதகரின் அங்கியில் தெறித்தது. "அங்கதான் கால் ஆணி! ஆறு வருஷமா இருக்குதுங்க அது!"

பக்கத்திலிருந்த மைக் அதை ரோடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. பாட்டு நின்றது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் குரல், "வாராவாரம் கழுவறவருக்கு ஆணி இருக்கறது தெரியாதா?" என்றது. சிரிப்பு முதலில் பெண்கள் பக்கம் கிளம்பி ஆண்கள் பக்கம் பரவியது. அவர்கள்தான் ஜாஸ்தி சிரித்தார்கள், பல நாள் ஆத்திரம்.

மண்டியிட்டபடியே மணிவேல் தேடிப் பார்த்தார். எட்டு வருடத்தில் முதல் தடவையாக, நடந்த ஒன்றிலிருந்து ஒரு பாடமும் கிடைக்கவில்லை.

போதகர் மைக்கை அணைத்துவிட்டுக் குனிந்தார். "சகோதரரே, அந்தச் சனிக்கிழமை..."

"அது... வந்துங்கய்யா..."

"சரி, அந்தக் கட்டுரைய எடுத்துடலாம்."

"அப்ப புத்தகம்?" என்றார் மணிவேல். அந்த நிலையிலும் அதுதான் வாயில் வந்தது.

"எடுக்காதீங்கய்யா" என்றாள் பொன்னி. "அப்பிடியே அச்சடிங்க."

"பொய்ய எப்பிடிம்மா அச்சடிக்கறது?"

"இன்னிக்கு வரிக்கும்தான் பொய்யி. நாளன்னிக்குச் சனிக்கிழமை. எத்தினி புக்குப் போடறீங்க?"

"முன்னூறும்மா."

"போடுங்க. வூட்டுக்கு வூடு ஒண்ணு இருக்கட்டும். ஒரு வாரம் தவறுனாலும், அந்தப் பக்கத்தப் பிரிச்சிக் கேக்கறதுக்கு முன்னூறு வூட்ல ஆளு இருக்கும்."

"சரிம்மா, முன்னூறும் போட்டுடறேன்" என்றார் போதகர். பிறகு பாடகர் குழுவைப் பார்த்துத் தலையசைத்தார். பாட்டு மறுபடி தொடங்கியது.

பொன்னி இடது காலை அவர் முன்னால் நீட்டினாள். "இதுல ஆணி இல்ல. தைரியமாத் தேய்ங்க. சட்டுனு முடிங்க, அங்க ஆதிலட்சுமி ஒண்டியா அல்லாடுவா."

மணிவேல் தேய்த்தார். மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. லேசில் போகவில்லை.