கழுவின சோறு

என் மனைவி ரீத்தா இறந்த பிறகு, மகள் பெனிட்டாவுக்கு மதியச் சாப்பாடு கட்டுவது என் வேலையாகிவிட்டது. உப்பளத்துக்குப் போகும் முன் லெமன் சாதமோ புளிசாதமோ கிளறி, டப்பாவில் அடைத்து, மேலே ஒரு அவித்த முட்டை வைப்பேன். ருசியும் பார்ப்பேன். ரீத்தா போனதிலிருந்து என் நாக்குக்கு எதுவும் தெரிவதில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் உப்பு போடுவேன்.

டப்பா தினமும் காலியாகவே திரும்பி வந்தது. பிள்ளை சாப்பிடுகிறாள் என்று இருந்துவிட்டேன்.

நேற்று சாயங்காலம், அவளோடு படிக்கும் பக்கத்து வீட்டு யாழினி வாசலில் நின்று சிரித்தாள்.

“மாமா, சோத்துல உப்பளத்தையே அள்ளிக் கொட்டுறீங்களா? இவ சோத்தக் கொழாய்ல கழுவித்தான் சாப்புடுறா.”

“போடி, உன்ன யாரு கேட்டா?” என்றாள் பெனிட்டா.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னா சத்துணவுல வாங்கிக்கோன்னுடுவ. அப்புறம் நீ சோறு கட்டவே மாட்டப்பா.”

எனக்கு அழுகைகூட வரவில்லை. தினமும் நானே கட்டுவேன் என்று தலையாட்டினேன்.

இன்று காலை சாதத்தைக் கிளறிவிட்டு அவளை எழுப்பினேன். கண்ணைத் திறக்காமலே வாயைத் திறந்தாள். ஒரு வாய் ஊட்டினேன்.

“போதும்பா, உப்பு போடாத,” என்றாள்.

உப்பு ஜாடியை மூடி வைத்துவிட்டு டப்பாவை எடுத்தேன்.