மோடத்தில் இரண்டாவது வயர்

அவளுக்கு வீட்டுக்கு வெளியே ஒரே பெயர்தான், கணக்கு மிஸ். மாடி அறையில் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து, திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பின்னமும் விகிதமும் சொல்லிக்கொடுப்பாள். கீழே கூடத்தில் மாமனார் டிவி பார்ப்பார். முப்பத்தைந்து வருஷம் அச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டியதில் அவருக்குக் காது மந்தம். செய்தி வாசிக்கிறவர் அந்த வீட்டில் மட்டும் ஊருக்கே கேட்கும்படி வாசிப்பார். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் அவள் மாடிக்கு ஏறினாள். ஏறிய இடத்தில் நெட் நொண்டியடித்தது.

மோடமும் ரவுட்டரும் கீழே, மாடிப்படிக்கு அடியில் ஒரு பலகையின்மேல் இருந்தன. அங்கிருந்து வைஃபை இரண்டு சுவர் தாண்டி மாடிக்கு வருவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். பாடம் நடக்கும்போதே அவள் முகம் வாயைத் திறந்தபடி உறைந்துபோகும். "மிஸ், நீங்க சிலையாயிட்டீங்க" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். பெற்றோர்கள் சிரிக்கவில்லை. வகுப்புகளை நடத்தும் நிறுவனத்து மேலாளர் திங்கட்கிழமை போன் செய்தார்.

"மேடம், இனி ஒரு தடவை கட் ஆச்சுன்னா அந்த பேட்ச்சை வேற ஆளுக்குக் குடுக்க வேண்டியதாயிடும். தப்பா எடுத்துக்காதீங்க."

கணவன் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொன்னான். "ஞாயித்துக்கிழமை ஆளைக் கூப்பிட்டு மாடிக்கு இன்னொரு ரவுட்டர் போட்டுடலாம். அதுவரைக்கும் சமாளி."

"நாலு நாள் எப்படிங்க சமாளிக்கிறது?"

"நீயா எதையும் நோண்டாதே. அப்பாவோட பட்டை அதுலதான் ஓடுது."

பட்டை என்றது மாமனார் மணிக்கட்டில் கட்டியிருந்ததை. போன வருஷம் அவர் குளியலறையில் மயங்கி விழுந்த பிறகு கணவன் வாங்கிக் கட்டிவிட்டது. அதில் ஒரு பொத்தான். அழுத்தினால் வைஃபை வழியாக மகனுக்கும் மருமகளுக்கும் போனில் அலாரம் அடிக்கும். மாமனார் அதைக் கூப்பிடு மணியாகவே ஆக்கிக்கொண்டார். கண்ணாடியைக் காணோம் என்றால் அழுத்துவார். ரிமோட் சோபா இடுக்கில் விழுந்தால் அழுத்துவார். செவ்வாய்க்கிழமை காலையிலும் வகுப்பு நடுவில் அவள் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தபோது, "ஒண்ணுமில்லம்மா, வெளியில யாரோ பெல் அடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சும்மா சும்மா அழுத்தாதீங்க மாமா. என் வேலைக்கே உலை வெச்சிடுவீங்க போலிருக்கு."

அவர் முகம் சுருங்கிப்போனது. "சரிம்மா" என்றார்.

புதன்கிழமை காலை கணவன் கிளம்பியதும் அவள் பரண்மேல் கிடந்த பழைய ரவுட்டரை எடுத்துத் துடைத்தாள். தோழி ஒருத்தி வீடு மாறும்போது கொடுத்தது. நீளமான வயர் ஒன்றும் கூடவே இருந்தது. மோடத்தில் காலியாக இருந்த இரண்டாவது துளையில் வயரின் ஒரு முனையைச் செருகினாள். படிக்கட்டோரமாகவே இழுத்துக்கொண்டு போய் மறுமுனையை மாடி ரவுட்டரில் செருகினாள். ரவுட்டர் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. நெட் கம்பெனி கொடுத்த தாளைத் தேடி எடுத்துத் தட்டினாள். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. போனையும் மடிக்கணினியையும் புது வைஃபைக்கு மாற்றினாள். நெட் பறந்தது. இதற்கா ஒரு ஆளைக் கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமையைக் கெடுப்பது என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

பதினோரு மணி வகுப்பு அப்படி ஒரு வகுப்பாக அமைந்தது. ஒரு நொடி தடுமாறவில்லை. கடைசி வரிசைப் பையன்கூடக் கை தூக்கிப் பதில் சொன்னான். நடுவில் ஒரு தடவை வீடு அமைதியாக இருப்பது அவள் காதில் பட்டது. டிவி சத்தமே இல்லை. 'மாமா தூங்கிட்டார் போலிருக்கு, நல்லதாப் போச்சு' என்று நினைத்துக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு மாத்திரை கொடுக்கக் கீழே இறங்கினாள். டிவி திரையில் 'இணைய இணைப்பு இல்லை' என்று எழுதியிருந்தது. நாற்காலி காலியாக இருந்தது. டிவி மேசைக்கும் சுவருக்கும் நடுவில் மாமனார் ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கால் இருக்கவேண்டிய விதத்தில் இல்லை. வேட்டி நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது.

"மாமா!"

"வந்துட்டியா" என்றார். குரல் வறண்டுபோயிருந்தது. "டிவி நின்னு போச்சு. பின்னாடி வயர் கழண்டிருக்கான்னு பார்க்கலாம்னு..."

ஆம்புலன்ஸ் வந்தது. இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, மறுநாளே அறுவை சிகிச்சை என்றார்கள். கணவன் கிடங்கின் கம்பளிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தான்.

"ஏம்ப்பா பொத்தானை அழுத்தல? எனக்கும் வரல, இவளுக்கும் வரலியே?"

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற மருமகளை மாமனார் ஒரு தரம் பார்த்தார். "அழுத்தலப்பா. அவ வகுப்புல இருந்தா. தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன்."

கணவன் திரும்பி அவளைப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை அவள் சொன்ன வார்த்தை நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. நாம் சொன்னதற்குப் பயந்துதான் மனுஷன் ஒரு மணி நேரம் தரையில் கிடந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு மாமனாருக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். டிவி அதே எழுத்தோடு நின்றிருந்தது. நெட் கம்பெனிக்குப் போன் போட்டு, இன்னொரு ரவுட்டர் மாட்டியதைச் சொன்னாள். எடுத்த ஆள் பொறுமையாகக் கேட்டான்.

"ரெண்டாவது ரவுட்டர் வயரை எங்க செருகினீங்க?"

"மோடத்துலதான்."

"அங்கதான் தப்பு மேடம். உங்க லைன்ல ஒரு சமயத்துல ஒரு ரவுட்டர்தான் உள்ள நுழைய முடியும். புதுசு நுழைஞ்சதும் பழசு வெளிய வந்துடும். முதல் ரவுட்டர்லேர்ந்து ரெண்டாவதுக்கு வயர் எடுத்திருக்கணும்."

"கீழ பச்சை விளக்கு எரிஞ்சுதே?"

"வைஃபை இருக்கும். நெட் இருக்காது."

மாடிப்படிக்கு அடியில் குனிந்து அந்த வயரைப் பிடுங்கினாள். கீழ் ரவுட்டரின் விளக்குகள் அணைந்து எரிந்தன. கூடத்தில் திடீரென்று செய்தி வாசிப்பவர் அலறினார். துள்ளிப்போனாள். ரிமோட்டைத் தேடி அதை அணைத்தாள்.

மாமனாரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது கழற்றிய பட்டை சோபாவில் கிடந்தது. பக்கத்தில் அவள் வைத்த போன் அதிர்ந்தது. அலாரம். நிறுத்தினாள். மறுபடி அடித்தது. மறுபடியும். தேங்கியிருந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. அழுத்திய நேரம் 11:08. 11:09. 11:13. 11:20. 11:32. 11:41. அதற்குப் பிறகு இல்லை.

பட்டையையும் மாற்றுத்துணியோடு பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள்.

அந்த அலாரங்கள் கணவன் போனுக்கும் போயிருக்கும் என்பது சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவளே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ரவுட்டர், வயர், செவ்வாய்க்கிழமைப் பேச்சு, எதையும் விடவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவன் திட்டவில்லை. "நாலு நாள்" என்றான். "நாலே நாள் பொறுத்திருக்கலாம்." அதோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்தாள். மாமனார் விழித்திருந்தார். அவர் காதுக்கு எட்டவேண்டும் என்பதால் ரகசியமாகச் சொல்லவும் வழியில்லை. பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்க, உரக்கச் சொன்னாள்.

"மாமா, நீங்க ஆறு தடவை அழுத்தியிருக்கீங்க. எனக்கு வரவே இல்லை. நான் வயரைத் தப்பாச் செருகிட்டேன். வந்திருந்தா ஓடி வந்திருப்பேன் மாமா."

அவர் தலையை அவள் பக்கம் திருப்பினார். "வரலியா?" என்றார். "நான் என்ன நினைச்சேன்னா... முதல்ல, கோவமா இருக்கே, கொஞ்ச நேரத்துல வருவேன்னு நினைச்சேன். அப்புறம் பயம் வந்துச்சு. அப்புறம், வேணும்னேதான் வரலைன்னு நினைச்சுட்டேன்மா. அதைப் போய் எப்படி அவன்கிட்ட சொல்றது? குடும்பம் ரெண்டாயிடும்ல."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பதிலுக்கு இறுக்கிப் பிடிக்கவும் இல்லை.

பத்தொன்பது நாள் கழித்து அவர் வீட்டுக்கு வந்தார். அதற்குள் நெட் கம்பெனி ஆள் வந்து முறைப்படி வயர் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மேலும் கீழும் இப்போது நெட் ஓடுகிறது. கணவன் பட்டையை அப்பா கையில் கட்டிவிட்டு, அவரை அறை அறையாக அழைத்துப்போய் அழுத்தச் சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் இரண்டு போனிலும் அலாரம் அடித்தது. அதன் பிறகு மாமனார் அதை ஒரு தடவைகூட அழுத்தவில்லை, கண்ணாடியைத் தொலைத்தபோதும்கூட. தாங்குகட்டையை ஊன்றி, தட்டுத்தடுமாறி அவரே தேடிக்கொள்கிறார்.

மேலாளர் அந்த பேட்ச்சை வேறு ஆளுக்குக் கொடுக்கவில்லை. அவள் மடிக்கணினியைக் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டாள். அவள் வகுப்பைத் தொடங்கும்போது மாமனார் கேட்காமலே டிவியை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறார். மதியம் கிடங்கிலிருந்து கணவன் போன் செய்கிறான். முன்பெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்பான்.

"அப்பா பக்கத்துல இருக்கியா?"

"இருக்கேன்."

"சரி" என்று வைத்துவிடுகிறான்.