கேக்கியின் படிக்கட்டு

கேக்கி முன்வாசல் வழியாக வரவே மாட்டான் என்பது எங்களுக்கு உறைத்தபோது, பின்பக்கத்து இரும்புப் படிக்கட்டை வெட்டி லாரியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது.

கேக்கி என் மனைவி தெஹ்மினாவின் அண்ணன். கிராண்ட் ரோடு பக்கம் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தான். இளவயதில் ஒருநாள் கிரீஸ் அப்பிய பூட்சோடு, நாங்கள் இப்போது இருக்கும் இந்த வீட்டின் முன்கூடத்தில் நுழைய, என் மாமனார், "இந்தக் காலோட இனிமே இந்த வாசல மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். கேக்கி அதைச் சபதமாகவே எடுத்துக்கொண்டான். அன்று முதல் பின்பக்கத்துச் சுருள் படி வழியாக ஏறி, திறந்த மாடியைக் கடந்து சமையலறைக்குள் வருவான். மாமனார் போய்ச் சேர்ந்த பிறகும் அப்படித்தான். மேல்படியை மட்டும் அவன் மிதிப்பதில்லை. ஏறும்போது அதைத் தாண்டி மாடியில் தொம்மென்று குதிப்பான். இறங்கும்போதும் ஒரே தாவலில் அதைத் தாண்டுவதால் படிக்கட்டு முழுவதும் அதிர்ந்து ஒலிக்கும்.

போன டிசம்பரில் அவன் இறந்தான். இந்த ஆகஸ்டில் வருவது அவனுடைய முதல் முக்தாத். ஆகஸ்டில் முடிகிற எங்கள் பார்சி வருஷத்தின் கடைசிப் பத்து நாட்கள், இறந்தவர்கள் வீடு திரும்புகிற காலம் அது. அதற்கு முன் வீட்டை அலசிக் கழுவி, வெள்ளையடித்து, பளிங்கு மேசை போட்டு, ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு வெள்ளிக் குவளையில் பூ வைக்க வேண்டும். பெற்றோருக்கான குவளைகள் தெஹ்மினாவின் அக்கா வீட்டில் இருந்தன. எங்கள் மேசையில் கேக்கிக்கு மட்டும்.

"அண்ணன் வரும்போது வீடு ஜொலிக்கணும்" என்றாள் தெஹ்மினா. வெள்ளையடிப்பில் தொடங்கியது எங்கெங்கோ போயிற்று. எண்பது வருஷத்துத் தேக்குக் கதவுகளுக்கு மெருகு ஏறியது. உடைந்த தரையோடுகளுக்கு அதே பூப்போட்ட புது ஓடுகள் வந்தன. திறந்த மாடியில் செடித்தொட்டிகளும் மூங்கில் நாற்காலிகளும் வந்து சேர்ந்தன. துருப்பிடித்த சுருள் படி மட்டும் கண்ணை உறுத்தியது. அதை எடுத்துவிட்டு, அது வந்து சேரும் இடத்தில் கைப்பிடிச் சுவரில் இருந்த திறப்பைச் செங்கல் வைத்து அடைத்தோம். பார்க்க மிகவும் அழகாகத்தான் இருந்தது.

முக்தாத்தின் முதல் நாள் சாயங்காலம் தெஹ்மினா சாம்பிராணிப் புகையோடு அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தாள். பின்பக்கம் டங் என்றது. பிறகு டங், டங் என்று இரும்பின் மேல் ஏறுகிற காலடிகள். சுவருக்கு நேராக வந்ததும் நின்றன. சற்று நேரம் கழித்து அப்படியே கீழே இறங்கிப் போயின.

நான் மாடிக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். கீழே முற்றம், தண்ணீர்த் தொட்டி, ஈரச் சுவர். வேறொன்றும் இல்லை.

கீழ்த்தளத்து ஃப்ரேனி ஆன்ட்டி ஜன்னலைத் திறந்தாள். "ஏ கெர்சி! படிய எடுத்துட்டோம்னு சொன்னீங்களே, அப்புறம் எவன் தட்டுத் தடால்னு ஏறுறான்?"

"படி இல்ல ஆன்ட்டி. பாருங்க."

அவள் தலையை நீட்டி மேலே பார்த்தாள். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். பிறகு ஜன்னலுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "உசிரோட இருந்தப்பவும் என் தூக்கத்தக் கெடுத்தான் உன் மச்சான். இப்பவாவது செருப்பக் கழட்டிட்டு ஏறச் சொல்லு!"

நான் திரும்பியபோது தெஹ்மினா சாம்பிராணித் தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"அவனுக்கு வழிய அடைச்சுட்டேன் கெர்சி."

"முன்கதவத் திறந்து வைப்போம்."

"வருவானா? அவனப் பத்தித் தெரியாத மாதிரி பேசுற."

இருந்தாலும் திறந்து வைத்தோம். மறுநாளும் காலடிகள் பின்பக்கமே வந்தன, சுவர் வரை ஏறின, திரும்பிப் போயின. கொத்தனாருக்குப் போன் செய்தால், மழை விட்டதும் வருகிறேன் என்றான். பம்பாயில் ஆகஸ்ட் மழை எப்போது விடும்? நாட்கள் கழிந்துகொண்டிருந்தன. பத்து நாள் முடிந்தால் போனவர்கள் போனவர்கள்தான், அடுத்த வருஷம்தான். முதல் வருஷமே வாசலில் நின்று திரும்பியவன் மறுபடி வருவான் என்று தெஹ்மினாவுக்கு நம்பிக்கை இல்லை. அவனுடைய ரோஷம் அப்படி.

ஒரு பிற்பகல் திம் திம்மென்று சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். கொட்டுகிற மழையில் அவள் மசாலா அரைக்கும் குழவியால் அந்தச் சுவரை இடித்துக்கொண்டிருந்தாள். கவுன் உடம்போடு ஒட்டியிருந்தது.

"பைத்தியமா உனக்கு? ரெண்டு மாடி உயரம்!"

"பேசிட்டு நிக்காம சுத்தியல எடுத்துட்டு வா."

எடுத்து வந்தேன். புதுச் சுவர், சிமெண்ட் இன்னும் முழுதாக இறுகவில்லை. ஆள் நுழையும் அளவுக்குத் திறப்பு வந்தது. யாரும் தவறி விழாதபடி குறுக்கே ஒரு கயிறு கட்டினேன். தெஹ்மினா அதை அவிழ்த்துப் போட்டாள். "மறுபடியும் தடுக்கப் போறியா?"

அன்று சாயங்காலம் காலடிகள் ஏறி வந்தன. சுவர் இருந்த இடத்தில் நிற்கவில்லை. புதுத் தரையோட்டில் ஈரப் பாதம் பதிகிற ஓசை கேட்டது. தெஹ்மினா என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஆனால் குதித்த சத்தம் இல்லை. மேல்படியையும் மிதித்து நிதானமாக ஏறிய கால் அது.

பின்னாலேயே இன்னொன்று ஏறியது. வாளியின் கைப்பிடி கிறீச்சிட்டது. அதற்குப் பின்னால் மெல்லிய கொலுசு. பிறகு பாரம் சுமந்தவனுடைய மூச்சிரைப்பு. ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தார்கள்.

"யாரு இவங்கல்லாம்?" என்றேன்.

அவள் ஒவ்வொரு ஓசையாகக் காதில் வாங்கிக்கொண்டு சொன்னாள். "கக்கூஸ் கழுவ வர்றவன். பால்காரி. ஐஸ் கட்டி தூக்கிட்டு வர்றவன். நான் சின்னவளா இருந்தப்ப எல்லாரும் அந்தப் படியிலதான் வருவாங்க. அப்பா யாரையும் முன்பக்கம் விட்டதில்ல."

அடுத்த சாயங்காலங்களில் கூட்டம் பெருகியது. மாடி நிறைந்து சமையலறை வரை வந்து நின்றது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கடந்து போக வேண்டுமென்றால் உடம்பு தானாக ஒதுங்கியது. பீடி, ஈரச்சாக்கு, பால் கவிச்சி என்று வாடை கலந்து வந்தது. மேசையில் கேக்கியின் ஒற்றைக் குவளையில் ரோஜாக்கள் யாரோ மூச்சு விடுவதுபோல அசைந்தன. தெஹ்மினா ஒவ்வொரு காலடிக்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தத் தொம் மட்டும் வரவில்லை.

முக்தாத் முடிவதற்கு முந்தைய சாயங்காலம் அவள் பொறுமை போயிற்று. எழுந்து நின்று கத்தினாள்.

"நான் கூப்பிட்டது என் அண்ணன! உங்கள யாரு கூப்பிட்டது? போங்க! அவனுக்கு வழி விடுங்க!"

கொலுசு நின்றது. வாளிச் சத்தமும் நின்றது. மழை பெய்வது மட்டும் கேட்டது.

பிறகு அவர்கள் இறங்கத் தொடங்கினார்கள். முணுமுணுப்போ தள்ளுமுள்ளோ இல்லை. போகச் சொன்னால் போய்ப் பழகியவர்கள். டங், டங், டங். கடைசிக் காலடியும் போய்விட்டது என்று நான் நினைத்தபோது, எங்களுக்கு வெகு அருகில், தெஹ்மினாவின் தோளை ஒட்டினாற்போல, யாரோ பெருமூச்சு விட்டார்கள். கிரீஸ் வாடை வந்தது. பூட்ஸ் கால்கள் சமையலறையைக் கடந்து மாடிக்குப் போயின. ஒரு தாவல். இல்லாத படிக்கட்டு முழுவதும் அதிர்ந்து ஒலித்தது.

கீழே ஃப்ரேனி ஆன்ட்டி, "கேக்கி!" என்று அலறினாள்.

"அண்ணா!" தெஹ்மினா திறப்பை நோக்கி ஓடினாள். நான் இடுப்பைப் பிடித்து இழுக்காவிட்டால் அவளும் கீழே போயிருப்பாள்.

"உள்ளதான் இருந்திருக்கான் கெர்சி. அவங்களோட நின்னுட்டு இருந்திருக்கான். அவன் எப்ப ஏறி வந்தான்? எனக்கு ஏன் கேக்கல?"

எனக்கு மட்டும் கேட்டதா என்ன? அந்தக் கூட்டத்தில் யாரையாவது கைகொடுத்துத் தூக்கிவிட்டுக்கொண்டே ஏறியிருந்தால் குதிக்க அவனுக்கு இடம் ஏது?

மறுநாள் விடிந்ததும் மந்திரம் சொல்ல வந்த பெரியவர் நோஷிர் பளிங்கு மேசையைப் பார்த்துத் திகைத்தார். கேக்கியின் குவளையைச் சுற்றிலும் டீ கிளாஸ், ஊறுகாய் ஜாடி, பல் தேய்க்கும் டம்ளர், வீட்டில் இருந்த அத்தனையிலும் தெஹ்மினா ராத்திரியோடு ராத்திரியாக வைத்த பூ.

"என்னம்மா இது, பூக்கடையா? சரி, பேரச் சொல்லு. பேர் சொன்னாத்தான் கூப்பிட முடியும்."

"கேக்கி" என்றாள். பிறகு டீ கிளாஸ் ஒன்றைக் கையில் எடுத்தாள். அதன் விளிம்பைத் துடைத்தாள்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஏறி இறங்கியவர்கள் அவர்கள்.

"சின்ன வயசுல தினம் பாத்த மூஞ்சிங்க" என்றாள் பெரியவரிடம். "ஒருத்தரயும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. 'ஏய்'னுதான் கூப்பிடுவோம். 'ஏய்'னு சொல்லி மந்திரம் சொல்ல முடியுமா?"

அவர் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, கேக்கியின் பெயரை மட்டும் சொல்லித் தொடங்கினார்.