கோந்த்ரபாஸுக்குக் காய்ச்சிய குங்கிலியம்

என் நைனா ராமலிங்கத்துக்குக் கை சும்மா இருக்காது. அதுதான் என் குடியைக் கெடுத்தது.

கோந்த்ரபாஸ் என்றால் ஆள் உயர வயலின். நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். வலை இழுத்துக் காய்த்த விரல்தான் அந்தத் தடித்த நரம்புகளுக்குச் சரி என்று பிரெஞ்சுக்காரர் கிளப்பின் பாண்டு மாஸ்டர் என்னைப் பிடித்துப்போட்டார். ஐம்பத்து நாலில் கிளப்பை மூடிவிட்டு அவர் கப்பலேறியபோது வாத்தியத்தை என்னிடமே விட்டுப் போனார். வைத்திக்குப்பத்தில் எங்கள் கூரைக்கடியில் வெக்கையில் காய்ந்து காய்ந்து அதன் வயிற்றுப் பலகை பிளந்துகொண்டது.

சென்னையில் ஒரு ஓட்டல் பாண்டில் ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். தொடாதே, வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று நைனாவிடம் தலையில் அடித்துக்கொண்டு சொல்லிவிட்டுத்தான் போனேன். அங்கே விலகிப் போகிறவனின் வாத்தியத்தில் வாசித்துக் காட்டினேன். பிடித்துவிட்டது. சொந்த வாத்தியத்தோடு வந்தால் வேலை உனக்கு என்றார்கள். தலைகால் புரியாமல் திரும்பி வந்தால், வாசலிலேயே மீனெண்ணெய் நாற்றம்.

பிளவை நைனா அடைத்திருந்தார். படகுக்கு அடைப்பதுபோலவே பஞ்சைத் திணித்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றி, உள்ளும் புறமும் மீனெண்ணெய் தடவி வெயிலில் நிறுத்தியிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. குப்பத்தில் யார் படகு ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வாத்தியம் போயிற்று என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஒரு நப்பாசை.

மாதா கோயில் ஆர்மோனியத்தையும் வயலின்களையும் பழுது பார்க்கிற முசியே அந்துவானைக் கையோடு அழைத்து வந்தேன். அவர் பலகையை விரலால் தட்டினார். ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் கேட்டது. கொஞ்சம் சுரண்டி முகர்ந்து பார்த்தார். வெறும் பிளவாக இருந்திருந்தால் வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டிக் கொடுத்திருப்பாராம். எண்ணெய் குடித்த மரத்தில் எந்தப் பசையும் நிற்காதாம். இனி இதற்குச் செலவழிப்பது வீண் என்றார். யார் அடைத்தது என்று கேட்டார்.

"நான்தான்" என்று நைனா நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தார்.

முசியே அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வேலை சுத்தம் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"கேட்டியாடா, சுத்தம்னாரு" என்றார் நைனா.

எனக்கு வந்ததே ஆத்திரம். "நீ அடைச்சதாலதான் இது செத்துப்போச்சு நைனா. என் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்ட."

அவர் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாதேடா" என்றார்.

பதில் சொன்னால் கை நீண்டுவிடும் என்று பயந்து வெளியே போய்விட்டேன்.

சென்னையில் வேறொருவனை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வேறு போக்கிடம் ஏது? நைனாவோடு படகேறினேன். காலடியில் பலகைக்குப் பலகை அதே குங்கிலியக் கோடு. படகு என்ன ஆட்டம் ஆடியும் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வந்து தொலைத்திருக்கலாம் என்று நினைத்தேன்.